பழுப்பு

அங்கேரிபாளையத்து லைன் வீட்டில்
எங்கள் கட்டிலுக்கடியில் பதினொரு டப்பா.
உள்ளே பரத்துவது பனியன் கம்பெனி வேஸ்ட்,
சாக்கு அறுபது ரூபாய்:
கழுத்து வெட்டிய பிறை, கை வெட்டிய பிறை,
எந்த நாட்டுப் பிள்ளைக்கோ அச்சடித்து
பிசகிப்போன பாதி வாத்து.
எலிகள் அதைப் பிரித்துப் பிரித்து
நூலாக்கி மெத்தை கட்டும்.
பகலெல்லாம் ஓவர்லாக் அடித்துவிட்டு வந்து
நான் தைத்ததை யாரோ அவிழ்ப்பதுபோல் பார்த்திருப்பேன்.

பத்தொன்பது நாள், தப்பினால் இருபத்தொன்று.
ஈரவிரலால் கண்ணாடி தேய்க்கிற சத்தம் கேட்டால்
குட்டி போட்டாயிற்று.
டார்ச் அடித்து எண்ணுவேன்.
தோல் அவ்வளவு மெல்லிசு,
குடித்த பால் வயிற்றில் வெள்ளையாய்த் தெரியும்.
பால் தெரியாததை முதலில் எடுத்துவிடுவேன்.

மயிர் முளைக்காதது இருபது ரூபாய்.
முளைத்தால் முப்பது.
துள்ளத் தொடங்கினால் ஐம்பது.
ஒரு வாரம் கூடுதலாய் உயிரோடிருந்ததற்கு
எனக்கு யாரும் இப்படி ஏற்றித் தந்ததில்லை.

மயிலாத்தாள், வீட்டுக்காரர் சம்சாரம்,
காலில் சுளுக்கென்று வந்தார்.
"ஏனம்மிணி, ஐஸ் இருக்குதா?"
நான் எழுவதற்குள் பிரிட்ஜைத் திறந்து
தேதி எழுதிய கவரைத் தொட்டுவிட்டார்.
"இதென்னது?"
"கோழி ஈரலுங்க."
வெள்ளிதோறும் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்.
பாம்பு என்ன தின்னும் என்று
அவரிடம் நான் சொல்லவா முடியும்?

சரவணம்பட்டி பிரணவ் போன் செய்தால்
குரலே வற்றியிருக்கும்.
"ஏனுங்க்கா, ஜாங்கிரி மூணு வாரமாத் திங்கிறதில்லீங்க."
ஆப்பிரிக்க மலைப்பாம்பு. கவர்மென்ட்டில் பதிந்தது.
சுருண்டு கிடக்கும் அழகுக்கு அந்தப் பெயர்.
தோலுரிக்கப் போகுமுங்க, பொறுத்துப் பாருங்க என்பேன்.
நான் அதை நேரில் பார்த்ததில்லை.
என் கையால் வளர்ந்த நூறு உயிராவது
அதற்குள் நீளமாய்ப் படுத்திருக்கும்.

ஆவணியில் ஒன்பதாம் டப்பாவில்
ஐந்தாம் நாள், மூன்று குட்டியின் முதுகில்
நிழல் விழுந்த மாதிரி இருந்தது.
டார்ச்சை மாற்றிப் பிடித்தேன். போகவில்லை.
எட்டாம் நாள் ஆறு வெள்ளை,
மூன்று பழுப்பு.
சாயப்பட்டறையில் முக்கியெடுத்த நிறமில்லை அது,
சாக்கடை ஓரத்து நிறம்.

மூடியின் மூலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.
பல் தடம் வெளிப்பக்கம்.
இத்தனை வருசமும்
உள்ளேயிருந்து கடிப்பார்கள் என்றுதான் பயந்தேன்.
தெருச் சுண்டெலி ஒருவன்
தங்கமுத்துவின் குறட்டைக்கு நேர் கீழே
கடித்து நுழைந்து, இருந்து,
வந்த வழியே போயிருக்கிறான்.
ஓட்டை அப்படியே இருந்தும்
இவள் போகவில்லை.

பிரணவ் ஒரே பேச்சாய்ச் சொல்லிவிட்டான்.
"வெளியெலி கலந்தது வேண்டாமுங்க்கா.
மருந்து தின்ன எலிக்குப் பொறந்திருக்கும்.
ஜாங்கிரிக்கு ஆகாதுங்க."
அப்பன் தின்றது குட்டிக்கு வருமா, எனக்குத் தெரியாது.
நானும் வாதாடவில்லை.
வெளியே வீட்டுக்காரர் ராக்கியண்ணன்
பச்சை நிற எலிக்கேக்கை
சாக்கடை நெடுக வைத்துக்கொண்டு வந்தார்,
பொங்கலுக்குக் காப்பு கட்டுகிற பதவிசோடு.

ஆறு வெள்ளையும் போய்விட்டது.
மூன்று பழுப்பு நிற்கிறது, விலையில்லாமல்,
கம்பும் நாய் பிஸ்கட்டும் தின்றுகொண்டு.
"வெளிய உட்டுரு" என்கிறார் தங்கமுத்து.
எங்கே விடுவது, கேக்குக்கா?
"அப்ப நீயே வெச்சுச் சோறு போடு" என்று
திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூடியைத் தூக்கினால்
வெள்ளை எல்லாம் என் கைக்கு ஏறி வரும்,
விரலை மோந்து, மோதிரத்தை நக்கும்.
பழுப்பு மூன்றும்
மூலைக்கு மூலை தெறித்து
வாத்துத் துணிக்கடியில் ஒளியும்.
என்னைப் பாம்பென்று நினைக்கின்றன.
தப்பாய் நினைக்கவில்லை.

நாளைக்கு ஒரு சாக்கு வேஸ்ட் வாங்க வேண்டும்.
மூடிக்கு ஒட்ட
டேப்பும்.
போன வாரமும் இதையேதான் சொன்னேன்.